மீட்டருக்கு முன், மீட்டருக்குப் பின்: மின்வாரியச் சலுகைகளும் மின் பாதுகாப்பும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1957 ஜூலை 1 அன்று தொடங்கிய தமிழ்நாடு மின்சார வாரியம் 2010 நவம்பரில் உற்பத்திக்கும் விநியோகத்துக்கும் டான்ஜெட்கோ, உயரழுத்த லைன்களில் மின்சாரம் கொண்டு செல்ல டான்டிரான்ஸ்கோ என்று பிரிந்தது. 2024இல் டான்ஜெட்கோவும் பிரிந்து, இப்போது நம் வீட்டுக்கு பில் போடுவது தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகம். ஊர் வாயில் எல்லாம் ஒரே ‘ஈ.பி.’தான். அந்த ஈ.பி. ஊருக்கு என்ன தருகிறது, எதைத் தராது, ஷாக் அடிக்காமல் இருக்க யார் எதைச் செய்ய வேண்டும் என்பதற்கான பதில்கள் இவை.

வீடுகளுக்கு 100 யூனிட் இலவசம் என்பது ஈ.பி. தரும் தானமா?

இல்லை. இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் என்ற சலுகை 2016இல் வந்தது. குடிசை இணைப்புக்கும், கைத்தறி, விசைத்தறிக்கு ஓர் அளவு வரையிலும் இலவசம் உண்டு. விவசாய பம்புசெட்டுக்கு 1984இல் சிறு விவசாயிகளுக்கும் 1990இல் எல்லா விவசாயிகளுக்கும் கட்டணம் நீக்கப்பட்டது. இவை அனைத்தும் அரசின் முடிவுகள். மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 65 சொல்வது இதுதான்: யாருக்காவது கட்டணத்தைக் குறைக்க அரசு விரும்பினால், அந்தத் தொகையை அரசே விநியோக நிறுவனத்துக்கு முன்கூட்டிக் கட்ட வேண்டும். ஆக, கொடுப்பது அரசுக் கருவூலம், கணக்கு எழுதுவது ஈ.பி. அரசுப் பணம் தாமதமானால் அதன் சுமை ஈ.பி.யின் கடனில் ஏறும். பழைய கம்பி மாற்ற வேண்டிய காசும் அங்கேதான் போய்ச் சேரும். சலுகை வேறு, பாதுகாப்பு வேறு என்று பிரித்துப் பார்க்க முடியாததற்கு இதுதான் காரணம்.

எங்கள் ஊர்ப் பள்ளிக்குக் கழிப்பறை, நூலகத்துக்கு மேசை என்று மின் நிறுவனத்திடம் கேட்கலாமா?

எந்த நிறுவனம் என்பதைப் பொறுத்தது. கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 135இன்படி நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ரூபாய் ஆகிய மூன்றில் ஒன்றை எட்டிய நிறுவனம், கடந்த மூன்று ஆண்டுச் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். 2014 ஏப்ரலிலிருந்து இது நடைமுறையில் உள்ளது. ‘சராசரி நிகர லாபம்’ என்ற சொல்தான் முக்கியம். நீண்ட காலம் நஷ்டத்தில் ஓடிய விநியோக நிறுவனத்தின் கணக்கில் இரண்டு சதவீதம் என்பது பூஜ்யம். லாபத்தில் இயங்கும் மத்திய அரசு நிறுவனங்களின் கதை வேறு: என்.எல்.சி. இந்தியா, என்.டி.பி.சி., பவர்கிரிட் போன்றவை பள்ளி, குடிநீர், மருத்துவ முகாம் என்று செலவிடுகின்றன. மின் நிலையங்களைச் சுற்றியுள்ள கிராமத்துச் சிறுமிகளுக்காக என்.டி.பி.சி. 2018இலிருந்து கோடைக்கால உறைவிடப் பயிற்சி ஒன்றை நடத்துகிறது.

நிறுவனம் இயங்கும் சுற்றுவட்டாரத்துக்கே முன்னுரிமை தர வேண்டும் என்று சட்டமே சொல்வதால், நூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஊரின் மனு பெரும்பாலும் நகராது. பக்கத்து ஊர் என்றால் ஊராட்சித் தீர்மானம், நிலம் யார் பெயரில் இருக்கிறது என்பதற்கான சான்று, பொதுப்பணித் துறை விகிதத்தில் போட்ட மதிப்பீடு, கட்டிய பின் யார் பராமரிப்பார் என்ற கடிதம் ஆகிய நான்கையும் சேர்த்துக் கொடுங்கள். கடைசிக் கடிதம் இல்லாமல் திரும்பி வரும் மனுக்கள் நிறைய.

உள்ளூர் ஈ.பி. அலுவலகத்திடம் காசு கேட்பதைவிட ஆளைக் கேட்பது பலன் தரும். ஜூன் 26 முதல் ஜூலை 2 வரை தேசிய மின் பாதுகாப்பு வாரம். அதற்கு ஒரு மாதம் முன்பே பிரிவு அலுவலக உதவி மின் பொறியாளருக்குத் தலைமை ஆசிரியர் கடிதம் கொடுத்தால், பள்ளிக்கு வந்து வகுப்பெடுக்க ஏற்பாடு செய்யலாம்.

ஷாக் அடித்தால் யார் பொறுப்பு?

கம்பம், லைன், டிரான்ஸ்பார்மர், சர்வீஸ் ஒயர், மீட்டர் வரை ஈ.பி.யின் பொறுப்பு. மீட்டருக்குப் பின் உள்ள மெயின் சுவிட்ச், வயரிங், எர்த் (கசியும் கரண்ட்டை மண்ணுக்குள் இறக்கும் கம்பி) எல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு. நாட்டில் ஆண்டுக்குப் பத்தாயிரத்துக்கும் அதிகமானோர் மின்சாரம் தாக்கி இறக்கிறார்கள். அறுந்து விழுந்த லைன் செய்தியில் வரும். வாட்டர் ஹீட்டரும் ஈரச் சுவரும் கிரைண்டரும் அதிகம் வருவதில்லை.

மெயினில் எம்.சி.பி. இருக்கிறது. போதாதா?

போதாது. எம்.சி.பி. என்பது அளவுக்கு மேல் கரண்ட் ஓடினால் தானே விழும் சுவிட்ச். அது காப்பாற்றுவது ஒயரை. மனிதரைக் காப்பாற்ற அது செய்யப்படவில்லை. ஈரக் கையுள்ள உடம்பின் தடை ஏறத்தாழ 1,000 ஓம் என்று வைத்தால், 230 வோல்ட்டில் ஓடுவது 230 மில்லி ஆம்பியர். இதயத்தை நிறுத்த அது தாராளம். 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு அதைப் போல 70 மடங்கு ஓடினால்தான் ஏதோ நடக்கிறது என்றே தெரியவரும். அது அசையாமல் நிற்கும்போதே ஆள் இறந்திருப்பார்.

உயிரைக் காப்பது ஆர்.சி.சி.பி.; கடையில் ஈ.எல்.சி.பி. என்றும் கேட்பார்கள். போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் சமமா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். வித்தியாசம் 30 மில்லி ஆம்பியரைத் தொட்டால் 0.3 நொடிக்குள் வெட்டும். கசிவு ஐந்து மடங்கானால் 0.04 நொடியில். வீட்டுக்கு வாங்க வேண்டியது 30 மில்லி ஆம்பியர் வகை. 100, 300 என்று எழுதியிருப்பவை தீ விபத்தைத் தடுக்க, ஆளைக் காக்க அல்ல. ஒரு ஃபேஸ் வீட்டுக்கு இரண்டு முனை (2 போல்) வகை, மூன்று ஃபேஸுக்கு நான்கு முனை (4 போல்) வகை. அதன் ஆம்பியர் அளவு மெயின் எம்.சி.பி.க்குக் குறையக் கூடாது. ‘டி’ என்று எழுதிய பட்டனை மாதம் ஒருமுறை அழுத்துங்கள், விழாவிட்டால் மாற்றுங்கள். ஒரு குறையும் சொல்ல வேண்டும்: ஒரு கையில் ஃபேஸ் (கரண்ட் வரும் ஒயர்), மறு கையில் நியூட்ரல் (திரும்பும் ஒயர்) என்று பிடித்தவரை ஆர்.சி.சி.பி.யால் காப்பாற்ற முடியாது. அதன் கண்ணுக்கு அவரும் ஒரு பல்புதான்.

ஆர்.சி.சி.பி. போட்டோம், அடிக்கடி விழுகிறது என்று எலக்ட்ரீஷியன் கழற்றிவிட்டார். சரியா?

விழுந்தால் காரணம் இருக்கிறது என்று பொருள். பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும். முதலாவது, இன்வெர்ட்டர். இன்வெர்ட்டர் லைனுக்கும் மெயின் லைனுக்கும் ஒரே நியூட்ரலை ஓட்டியிருப்பார்கள். போனது ஒரு வழி, வந்தது வேறு வழி என்றாகி ஆர்.சி.சி.பி. கசிவு என்று நினைக்கும். இன்வெர்ட்டர் சர்க்யூட்டுகளுக்குத் தனி நியூட்ரல் இழுப்பதுதான் வழி. இரண்டாவது, பழைய வீட்டில் எங்கோ நியூட்ரலையும் எர்த்தையும் முறுக்கிச் சேர்த்திருப்பது. மூன்றாவது உண்மையான கசிவு: கெய்சர் காயில், மோட்டார், மழையில் நனையும் வெளி விளக்கு. எல்லா எம்.சி.பி.யையும் இறக்கி, ஒவ்வொன்றாக ஏற்றிப் பார்த்தால் எந்தக் கிளையில் விழுகிறது என்று பத்து நிமிடத்தில் தெரியும். கழற்றிவிடுபவர் அந்தப் பத்து நிமிட வேலைக்குச் சோம்பல்படுகிறார்.

எர்த் நன்றாக இருந்தால் ஆர்.சி.சி.பி. வேண்டாமே?

இரண்டும் வேண்டும். உங்கள் எர்த் குழியின் தடை 20 ஓம் என்றால், பிரிட்ஜ் உடம்பில் ஃபேஸ் பட்டாலும் ஓடுவது 11 ஆம்பியர் சொச்சம். 16 ஆம்பியர் எம்.சி.பி. விழாது, பிரிட்ஜ் உடம்பு கரண்ட்டோடேயே நிற்கும். மறுபக்கம், எர்த் இல்லாமல் ஆர்.சி.சி.பி. மட்டும் இருந்தால், யாராவது தொட்ட பிறகுதான் அது விழும். எர்த் இருந்தால் தொடுவதற்கு முன்பே விழுந்துவிடும்.

எர்த் குழாய்க்கு 40 மி.மீ. ஜி.ஐ. குழாய், நீளம் 2.5 மீட்டருக்குக் குறையாமல், கட்டடத்திலிருந்து 1.5 மீட்டராவது தள்ளி. சுற்றிலும் கரியும் உப்பும் மாற்றி மாற்றி அடுக்கு. சித்திரை, வைகாசியில் வாரம் ஒரு குடம் தண்ணீர். உப்பு குழாயையே தின்னும் என்பதால் மேல் முனையின் போல்ட்டை ஆண்டுக்கு ஒருமுறை கழற்றித் துரு பார்க்க வேண்டும். பழைய வீடுகளில் தண்ணீர்க் குழாயில் எர்த் கட்டியிருப்பார்கள். அந்த இரும்புக் குழாயை மாற்றி பி.வி.சி. போட்ட அன்றே எர்த்தும் போயிற்று. அது யாருக்கும் தோன்றாது.

துணி காயப்போடும் கம்பியில் எப்படி கரண்ட் வருகிறது?

கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் சர்வீஸ் ஒயரைத் தாங்க ஒரு ஜி.ஐ. கம்பி இருக்கும். வெயிலில் ஒயரின் உறை வெடித்து, காற்றில் உரசி, ஃபேஸ் அந்தக் கம்பியில் படும். அந்தக் கம்பி கட்டிய குழாயிலோ கொக்கியிலோதான் துணிக் கம்பியின் ஒரு முனையையும் கட்டியிருப்போம். வெயில் நாளில் ஒன்றும் தெரியாது. மழையில், ஈரத் துணியோடு கை வைக்கும்போதுதான் தெரியும். கம்பிக்குப் பதில் நைலான் கயிறு கட்டுங்கள். சர்வீஸ் குழாய் இருக்கும் சுவரில் வேண்டாம். ஒயர் உறை வெடித்திருந்தால் இன்சுலேஷன் டேப் சுற்றிச் சமாளிக்காமல் மாற்றச் சொல்லுங்கள்.

ஸ்டே கம்பியில் ஆடு, மாடு கட்டலாமா?

கூடாது. ஸ்டே கம்பி என்பது கம்பம் சாயாமல் தரையோடு இழுத்துக் கட்டிய கம்பி. அதன் நடுவே, தரையிலிருந்து 3 மீட்டருக்குக் குறையாத உயரத்தில், முட்டை வடிவப் பீங்கான் இன்சுலேட்டர் இருக்க வேண்டும். மேலே கரண்ட் பட்டாலும் அது கீழே இறங்க விடாது. அந்த முட்டை இல்லாத ஸ்டே கம்பியைக் கண்டால் புகார் கொடுங்கள். கொடி ஏறிய கம்பியும் அப்படித்தான்: கொடி முட்டையைத் தாண்டி ஏறினால் ஈரத்தில் அதுவே கம்பி.

லைன் அறுந்து கிடக்கிறது. தீப்பொறி இல்லை. கரண்ட் இருக்குமா?

இருக்கும் என்றே எண்ணுங்கள். காய்ந்த மணலிலோ தார்ச் சாலையிலோ 11 கே.வி. (11,000 வோல்ட்) கம்பி விழுந்தால், மண்ணுக்குள் போகும் மின்னோட்டம் மிகக் குறைவு. துணைமின் நிலைய பிரேக்கர் அதைக் கோளாறாகவே கருதாமல் போகலாம். பிரேக்கர் விழுந்து லைன் நின்றிருந்தாலும், சோதித்துப் பார்க்க மறுபடி லைன் ஏற்றுவார்கள்.

குறைந்தது 10 மீட்டர் தள்ளி நில்லுங்கள். கம்பியைச் சுற்றித் தரையிலேயே மின்னழுத்தம் வட்ட வட்டமாகக் குறைந்துகொண்டு போகும். கால் அகட்டி நடந்தால் இரண்டு காலுக்கும் இடையே ஷாக் அடிக்கும். ஏற்கெனவே அருகில் இருந்தால் பாதங்களை ஒட்டியே வைத்து நகர்த்தி நகர்த்தி வெளியே வாருங்கள். நான்கு கால் அகலத்தால் மாடுதான் முதலில் விழும். மாட்டைக் காப்பாற்றப் போனவர் அடுத்தது. கார் மேல் விழுந்தால் உள்ளேயே இருங்கள். கார் தீப்பிடித்தால் மட்டும், காரையும் தரையையும் ஒரே நேரத்தில் தொடாமல், இரு காலையும் சேர்த்துக் குதியுங்கள்.

ஒருவர் கரண்ட்டில் ஒட்டிக்கொண்டார். என்ன செய்வது?

முதலில் மெயின். மெயின் எட்டாவிட்டால் காய்ந்த மரக்கட்டை, பிளாஸ்டிக் நாற்காலியால் ஒயரைத் தள்ளுங்கள். இது வீட்டு மின்சாரத்துக்கு மட்டும். உயரழுத்த லைன் என்றால் கட்டையும் உதவாது, ஈ.பி. லைனை நிறுத்தும் வரை நெருங்கக் கூடாது. பிடி விட்ட பிறகு மூச்சும் அசைவும் இல்லையென்றால் உடனே நெஞ்சை அழுத்தத் தொடங்குங்கள்: நெஞ்சின் நடுவில், 5 செ.மீ. ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. 108க்கு இன்னொருவர் பேசட்டும். வெளியே சிறு தீக்காயம் மட்டும் தெரிந்தாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். உள்ளே தசையும் இதயத் துடிப்பும் பாதித்திருக்கலாம்.

திடீரென்று ஒரு வீட்டில் விளக்கு பளிச்சென்று, பக்கத்து வீட்டில் மங்கலாக எரிகிறது. ஏன்?

தெருவில் நியூட்ரல் அறுந்திருக்கிறது. 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 400 வரை ஏறலாம். உடனே மெயினை இறக்கிவிட்டுப் புகார் சொல்லுங்கள். ஆள் வரும்வரை எர்த்தையே நியூட்ரலாகக் கட்டி விளக்கெரிக்கும் பழக்கம் சில ஊர்களில் உண்டு. அப்படிச் செய்தால் அந்த வீட்டின் எர்த் கம்பி, அதோடு சேர்ந்த கெய்சர், பம்பு, குழாய் எல்லாவற்றிலும் கரண்ட் நிற்கும்.

புயல் நேரத்தில் ஜெனரேட்டரை பிளக்கில் சொருகி வீட்டுக்குக் கரண்ட் எடுக்கலாமா?

வேண்டவே வேண்டாம். 2018 நவம்பர் 16இல் கரை கடந்த கஜா புயலில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. அப்படிப்பட்ட நாட்களில் லைன்மேன் செத்த லைன் என்று நம்பித்தான் கம்பம் ஏறுகிறார். உங்கள் ஜெனரேட்டர் வீட்டு மெயின் வழியே தெருவுக்குப் போனால், 11,000 வோல்ட்டை 433 ஆகக் குறைக்கும் அதே டிரான்ஸ்பார்மர் தலைகீழாக வேலை செய்யும். கீழே 230 வோல்ட், மேலே ஆயிரக்கணக்கில். ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்தே பிரிக்கும் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் இல்லாமல் ஜெனரேட்டரை வீட்டு வயரிங்கில் சேர்க்கக் கூடாது.

வீடு கட்டும் இடத்துக்கு மேல் லைன் போகிறது. எவ்வளவு இடைவெளி வேண்டும்?

தாழ்வழுத்த வெற்றுக் கம்பிக்கு மேல்வாக்கில் 2.5 மீட்டர், பக்கவாட்டில் 1.2 மீட்டர். 11 கே.வி.க்கு 3.7, 1.2. 33 கே.வி.க்கு 3.7, 2. இவை குறைந்தபட்சம், கம்பி தொய்வதையும் காற்றில் ஆடுவதையும் கணக்கில் எடுத்து அளக்க வேண்டும். இப்போது இடைவெளி இருந்து, அடுத்த மாடி எழுப்பும்போது இல்லாமல் போவதுதான் வழக்கமான தவறு. கம்பியை மாற்ற மதிப்பீட்டுத் தொகையை நீங்கள்தான் கட்ட வேண்டியிருக்கும், ஈ.பி.யில் இதை டி.சி.டபிள்யூ. என்பார்கள். பிரிவு அலுவலகத்தில் மனு கொடுத்தால் பொறியாளர் இடம் பார்த்து மதிப்பீடு போடுவார். தளம் போட்ட பிறகு மனு கொடுப்பவரைவிட அஸ்திவாரத்துக்கு முன் கொடுப்பவருக்குச் செலவும் குறைவு, சண்டையும் குறைவு.

கட்டும்போது ஆளைக் கொல்வது பெரும்பாலும் வீடு அல்ல, கையில் இருக்கும் பொருள். முறுக்குக் கம்பி 12 மீட்டர் நீளம் வரும். அதை மாடிக்கு நிமிர்த்தி ஏற்றினால் எந்தத் தெரு லைனையும் எட்டும். கீழேயே வெட்டி ஏற்றச் சொல்லுங்கள். அலுமினிய ஏணி, பிளக்ஸ் சட்டம், போர்வெல் குழாய், முருங்கை பறிக்கும் இரும்புத் தொரட்டி எல்லாம் இதே வகை. தொரட்டிக்கு மூங்கில்கூடக் காய்ந்திருந்தால்தான்.

கோயில் திருவிழாவுக்கு என்ன செய்ய வேண்டும்?

2022 ஏப்ரல் 27 அன்று தஞ்சாவூர் அருகே களிமேட்டில் அப்பர் விழாத் தேரின் உச்சி உயரழுத்தக் கம்பியில் பட்டு 11 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகும் பல ஊர்களில் ‘போன வருஷம் போன தேர்தானே’ என்றே நினைக்கிறார்கள். தேர் மாறியிருக்காது, சாலை மாறியிருக்கும். ஒவ்வொரு முறை தார் போடும்போதும் தரை உயர்கிறது. உச்சியில் புது அலங்காரமும் சேரும்.

அலங்காரம் முடிந்த பிறகு கலசம் வரை உயரத்தை டேப்பால் அளந்து, பாதையின் வரைபடத்தோடு, நேரத்தோடு உதவி மின் பொறியாளருக்கு எழுதிக் கொடுங்கள். நகலில் முத்திரை வாங்குங்கள். கம்பி உயரத்தை ஈ.பி. ஆள்தான் அளக்க வேண்டும், நீங்கள் கழி வைத்து அல்ல. தேர் கிளம்பும்போது லைன்மேன் உடன் நடக்க வேண்டும். ‘நிறுத்திட்டாங்களாம்’ என்று யாரோ சொன்னால் நம்பாதீர்கள்; லைன் நின்றது என்று லைன்மேன் தன் வாயால் சொல்லாமல் வடத்தைத் தொட வேண்டாம். ஈரச் சாலையும் வெறுங்காலும் இரும்புச் சக்கரமும் சேர்ந்தால் தேரைத் தொட்ட எல்லோரும் ஒரே சர்க்யூட்.

சீரியல் விளக்குக்கு லைனில் கொக்கி போடுவது மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 135இன்படி மின் திருட்டு. தற்காலிக இணைப்புக்கு விண்ணப்பித்தால் மீட்டரோடு கிடைக்கும். அதிலும் ஒரு ஆர்.சி.சி.பி. வையுங்கள்.

காட்டுப்பன்றிக்கு வேலியில் கரண்ட் விடுவது?

மெயின் மின்சாரத்தை வேலியில் விடுவது குற்றம். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே அப்படிப்பட்ட வேலியில் மூன்று யானைகள் இறந்தன. பன்றிக்கு வைத்ததில் இரவில் தண்ணீர் பாய்ச்ச வந்த பக்கத்துத் தோட்டத்துக்காரர் இறப்பதும் அடிக்கடி நடக்கிறது. சட்டப்படியான சோலார் வேலியில் பேட்டரியும் எனர்ஜைசரும் இருக்கும். அது நொடிக்கு ஒரு தடவை, மிகச் சிறு நேரத் துடிப்பு மட்டும் தரும். இடைவெளியில் கையை எடுக்கலாம். காப்புக்காடுகளை ஒட்டிய பகுதிகளில் வேலியைப் பதிவு செய்ய 2023இல் தமிழ்நாட்டில் விதிகள் வந்துள்ளன.

விபத்தில் ஒருவர் இறந்தால் இழப்பீட்டுக்கு என்ன தேவை?

முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை, இறப்புச் சான்று, வாரிசுச் சான்றிதழ். இவற்றோடு செயற்பொறியாளருக்கு மனு. மின்சாரச் சட்டப் பிரிவு 161இன்கீழ் விபத்தைத் தெரிவிக்க வேண்டும், மின் ஆய்வாளர் விசாரிப்பார். அவர் அறிக்கை எந்தப் பக்கம் சாய்கிறது என்பதே பெரிது. அதனால் அவர் பார்க்கும் வரை கம்பியை, கம்பத்தைச் சரி செய்ய விடாதீர்கள் என்று சொல்ல முடியாது, உயிர் ஆபத்து இருக்கும். ஆனால் போட்டோ எடுத்து வையுங்கள். லைன் விழுந்து பொதுமக்கள் இறந்தால், அலட்சியம் இல்லை என்று வாரியம் வாதிட்டாலும் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது என்று மத்தியப் பிரதேச மின்வாரியம் எதிர் ஷைல் குமாரி வழக்கில் 2002இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. மீட்டருக்குப் பின் நடந்த விபத்துக்கு இது பொருந்தாது.

புகாரை எப்படிச் சொன்னால் ஆள் வேகமாக வருவார்?

ஈ.பி.யின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987, 24 மணி நேரமும். ‘எங்க தெருவுல கம்பி தொங்குது’ என்பது போதாது. மின் அட்டையில் உள்ள இணைப்பு எண்ணைச் சொன்னாலே மண்டலம், பிரிவு, பகிர்மானம் வந்துவிடும். கம்பத்தில் எழுதிய எண், டிரான்ஸ்பார்மர் பெயர், அருகே ஓர் அடையாளம், கம்பி அறுந்து தரையில் கிடக்கிறதா அல்லது தொங்குகிறதா, அங்கே ஆள் நடமாட்டம் உண்டா என்பதையும் சொல்லுங்கள். புகார் எண்ணைக் குறித்துக்கொண்டு, ஈ.பி. ஆள் வரும்வரை இருபுறமும் ஒருவர் நின்று வண்டிகளைத் திருப்பிவிடட்டும். இரவு என்றால் கையில் டார்ச்சோடு.